திருவெண்ணெய்நல்லூர் ஓலையும் நியூயார்க் அட்டையும்

திருவெண்ணெய்நல்லூரைப் பற்றி விழா மலரில் எழுதுவதென்றால் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலைப் பற்றியோ, சைவ சித்தாந்தம் தந்த மெய்கண்டாரைப் பற்றியோ எழுதுவதுதான் முறை. அதை என்னைவிட நன்றாகச் செய்யத் தமிழ்த்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். வணிகவியல் வகுப்பில் பெஞ்சு தேய்த்தவனுக்கு இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வருவது ஒரு வழக்குதான். சுந்தரர் வழக்கு.

கதை உங்களுக்குத் தெரியும். திருநாவலூர்ச் சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். “இந்தப் பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என் கையில் இருக்கு” என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு நம் ஊர்ச் சபைக்கு வருகிறது. சபையார் உணர்ச்சிவசப்படாமல், வழக்கம் என்ன, ஆவணம் என்ன, சாட்சி யார் என்று கேட்கிறார்கள். பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகவே தீர்ப்பு கிழவர் பக்கம். வந்தவர் சிவபெருமான் என்பது அப்புறம் தெரிகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்லும்போது ஒரு பத்திர வழக்கு எப்படி நடக்குமோ அப்படியே நடத்திக் காட்டுகிறார். மூலம், நகல், கையெழுத்து ஒப்பீடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் இல்லை. அந்த ஓலையில் தவணைத் தேதி கிடையாது. பாட்டனும் அவன் வழிவழி வருபவர்களும் அடிமை, அவ்வளவுதான். என்று தீரும் என்ற பேச்சே இல்லை. இறைவனிடம் அப்படி எழுதிக்கொடுப்பது பாக்கியம். பேங்க்கிடம் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சரி, இதுக்கும் கிரெடிட் கார்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு நம் மாணவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கையில் அட்டை வந்துவிடுகிறது. அந்த அட்டையில் கிரெடிட் கார்டு, சார்ஜ் கார்டு என்று இரண்டு ஜாதி உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. இரண்டும் இன்று வாங்கிப் பிறகு கட்டுவதுதான். வித்தியாசம் தவணைத் தேதியில் இருக்கிறது. சார்ஜ் கார்டுக்கு அந்தத் தேதி முடிவு. அன்றைக்கு முழுப் பணத்தையும் வைத்தாக வேண்டும். கிரெடிட் கார்டில் ஒரு சிறு பகுதியைக் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். தள்ளிய பணத்துக்கு வட்டி ஓடும்.

சார்ஜ் கார்டு என்றால் செல்போனுக்குச் சார்ஜ் போடும் கார்டா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன், இது நம் கடைத்தெருவில் பல தலைமுறையாக இருக்கும் சங்கதி. மளிகைக்கடைப் பற்று நோட்டுதான் அது. மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி, விவசாயிக்கு அறுவடை. அதுவரைக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கணக்கில் ஏறும். “பத்து எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டால் கடைக்காரர் நோட்டைப் புரட்டிச் சொல்வார். வட்டி கிடையாது. ஆனால் முழுசாகத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அடுத்த மாதம் நோட்டு மூடப்படும். ஊரில் நாணயம் போய்விடும். காசுக்கும் நம்பகத்துக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். கிரெடிட் என்ற சொல்லும் நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

இடையில் ஒரு குறை. டெபிட் கார்டுக்குப் ‘பற்று அட்டை’ என்று தமிழில் பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கியல்படி அது சரி. ஆனால் கடைத்தெருவில் பற்று என்றால் வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காத பாக்கி அல்லவா? கையிருப்பிலிருந்து உடனே கழியும் டெபிட் கார்டைவிடச் சார்ஜ் கார்டுக்கே அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். என்ன செய்வது, முந்திக்கொண்டார்கள்.

நம் பக்கத்துக் கரும்பிலும் இதே ஏற்பாடு உண்டு. பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் இந்த வட்டாரத்தில் கரும்புப் பணத்தை வைத்துக் கணக்குப் போடாத குடும்பம் குறைவு. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நாட்டின் எந்த ஆலையானாலும் கரும்பை வாங்கிய 14 நாளுக்குள் பணம் தரவேண்டும். அதற்குமேல் போனால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தரவேண்டும். அதாவது 14 நாள் வட்டியில்லாப் பற்று, அதன்பின் அபராத வட்டி. இதில் கடன் கொடுப்பவர் விவசாயி, வாங்குபவர் ஆலை. எத்தனை பேர் இதை அப்படிப் பார்த்திருப்போம்?

இனி அட்டையின் கதைக்கு வருவோம். ‘கிரெடிட் கார்டு’ என்ற சொல்லை எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்கர் 1888இல் வெளியான ‘லுக்கிங் பேக்வர்ட்’ என்ற நாவலில் பயன்படுத்தினார். நிஜ அட்டை அப்புறம் வந்தது. அமெரிக்கப் பெருங்கடைகளும் பெட்ரோல் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் செல்லும் அட்டைகளைத் தந்தன. நம் மளிகைக்கடை நோட்டு போலத்தான், ஒரு கடைக்கு ஒரு நோட்டு. பல கடைகளுக்கும் ஒரே நோட்டு என்ற யோசனையைப் பெரிதாக நடத்திக் காட்டியது 1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப். தொடங்கியவர்கள் ஃபிராங்க் மெக்நமாராவும் ரால்ஃப் ஷ்னைடரும். மெக்நமாரா ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பர்சைத் தேடினாராம், வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்ததாம், அந்த அவமானத்தில் பிறந்ததாம் இந்த அட்டை. பல புத்தகங்களில் இப்படி இருக்கிறது. ஆனால் இது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்று அந்தக் கம்பெனியின் விளம்பர வேலையைப் பார்த்த மேட்டி சிம்மன்ஸே பிற்காலத்தில் சொல்லிவிட்டார்.

முதல் டைனர்ஸ் அட்டை பிளாஸ்டிக் அல்ல, வெறும் காகித அட்டை. சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால் கம்பெனி ஓட்டலுக்குப் பணம் கொடுக்கும். மாத முடிவில் உறுப்பினர் முழுத் தொகையையும் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். வட்டி கிடையாது. அப்படியானால் கம்பெனிக்கு என்ன லாபம்? உறுப்பினரிடம் ஆண்டுக் கட்டணம், ஓட்டல்காரரிடம் பில் தொகையில் 7 சதவீதம். அசல் சார்ஜ் கார்டு இதுதான். 1958 அக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியும் இதே வழியில் தன் அட்டையை வெளியிட்டது.

ஏன் முழுசாகக் கட்டச் சொன்னார்கள்? பெருந்தன்மையாலோ கண்டிப்பாலோ அல்ல. டைனர்ஸ் கிளப் ஒரு பேங்க் அல்ல, அதற்கு டெபாசிட் பணம் கிடையாது. ஓட்டல்காரருக்குக் கொடுக்கும் பணத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். உறுப்பினர் சீக்கிரம் கட்டினால் அதே பணம் அடுத்த சுற்றுக்கு ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் 7 சதவீதம் வரும். மளிகைக்கடைக்காரர் ஒன்றாம் தேதியை எதிர்பார்ப்பது மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பத்தானே! அதே கணக்குதான்.

பேங்க்கின் கணக்கு வேறு. அதன் கையில் மக்கள் போட்ட டெபாசிட் இருக்கிறது. அந்தப் பணம் வெளியே கடனாக நின்றால்தான் பேங்க்குக்கு வருமானம். 1958 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஒரு காரியம் செய்தது. கேட்காமலேயே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் அட்டை அனுப்பியது. பெயர் பேங்க்அமெரிகார்டு. இஷ்டப்பட்டால் முழுசாகக் கட்டு, இல்லையென்றால் கொஞ்சம் கட்டு, மீதிக்கு வட்டி போட்டுக்கொள்கிறோம் என்றது. சுழலும் கடன் என்பது சாதாரண ஜனங்களின் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். முதலில் பலத்த அடிதான். 4 சதவீதம் பேர் பாக்கி வைப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 சதவீதம் பேர் வைத்தார்கள். மோசடியும் நடந்தது. திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போனார். ஆனாலும் பேங்க் விடவில்லை. 1966 முதல் மற்ற பேங்க்குகளுக்கும் உரிமம் கொடுத்தது. 1976இல் அதே அட்டை ‘விசா’ என்று பெயர் மாறியது. கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970இல் சட்டம் போட்டு நிறுத்தியது.

அந்தத் தொழிலில் ஒரு வேடிக்கையான பேச்சு உண்டு. மாதாமாதம் பாக்கியைத் தள்ளி வட்டி கட்டுபவருக்கு ‘ரிவால்வர்’ என்று பெயர். தேதி தவறாமல் முழுசாகக் கட்டுபவரைக் கேலியாக ‘டெட்பீட்’ என்பார்கள். உண்மையில் அந்தச் சொல்லுக்குக் கடன் கட்டாத உதவாக்கரை என்று அர்த்தம். மளிகைக்கடைக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆசாமி, அட்டைக் கம்பெனிக்கு உதவாக்கரை!

இந்தியாவுக்கு டைனர்ஸ் கிளப் 1960களில் வந்தது. கம்பெனி அதிகாரிகள், பெரிய ஓட்டல்கள் என்ற வட்டத்தோடு நின்றது. 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தன் அட்டையான ‘சென்ட்ரல் கார்டை’ வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆந்திரா பேங்க், பிறகு பேங்க் ஆஃப் பரோடா, கனரா பேங்க் என்று வரிசையாக வந்தன. 1990இல் சிட்டிபேங்க் களத்தில் இறங்கியபின் நடுத்தர வர்க்கத்துக்கும் அட்டை பழகத் தொடங்கியது. 1998இல் ஸ்டேட் பேங்க்கும் வந்துவிட்டது.

அந்தக் காலத்து அட்டையைப் பார்க்காத மாணவர்களுக்காக: எண்களும் பெயரும் மேடாகப் புடைத்திருக்கும். கடைக்காரர் அதை ஒரு சின்ன இரும்புக் கருவியில் வைத்து, மேலே கார்பன் தாள் ஒட்டிய சீட்டு வைத்து, கைப்பிடியை ‘சரக் சரக்’ என்று இழுப்பார். சீட்டில் எண் பதியும். நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அட்டையின் முதுகில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். திருடுபோன அட்டை எண்களின் அச்சுப் புத்தகம் ஒன்றையும் புரட்டுவார். ஒரு நகல் உங்களுக்கு, ஒரு நகல் கடைக்கு, ஒன்று பேங்க்குக்கு. மூல ஓலை, படியோலை, கையெழுத்து ஒப்பீடு! வெண்ணெய்நல்லூர்ச் சபையார் எழுந்து வந்து பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது பில்லைப் பார்ப்போம். கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்தத் தொகை, இன்னொன்று குறைந்தபட்சத் தொகை. பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீதத்தை ஒட்டியிருக்கும். சார்ஜ் கார்டு பில்லில் இந்த இரண்டாவது வரி இருக்காது. இந்த ஒரு வரிதான் இரண்டு அட்டைக்கும் நடுவில் நிற்கும் வேலி.

ஒரு கணக்கு போடுவோம், வணிகவியல்காரன் கணக்கில்லாமல் விடமாட்டான். பில் 40,000 ரூபாய். வட்டி மாதம் மூன்றரை சதவீதம், ஆண்டுக்கு 42. இது பல இந்திய அட்டைகளில் நடப்பில் உள்ள வீதந்தான். வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. முதல் மாதம் 2,000 கட்டுகிறீர்கள், மீதி 38,000. அதற்கு வட்டி 1,330, வரி 239. அடுத்த பில் 39,569. இரண்டாயிரம் கட்டியதில் கடன் குறைந்தது 431 ரூபாய். புதிதாக ஒரு சாமானும் வாங்காமல் இப்படியே 12 பில்லுக்கும் குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் சுமார் 22,600 ரூபாய் போயிருக்கும். ஆனால் கடன் இன்னும் 35,000க்கு மேல் நிற்கும். தினமும் வசூலிக்கும் தண்டல்காரர்கூடப் பெரும்பாலும் நூறு நாளில் கணக்கை முடித்துவிடுவார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கி கொஞ்சம் தள்ளினால் தள்ளிய தொகைக்கு மட்டுந்தான் வட்டி என்று நினைக்கிறோம். அப்படியல்ல. அந்த வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். அடுத்து வாங்கும் சோப்புக்கும் சீப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அட்டையைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டி.

சார்ஜ் கார்டிலும் முள் உண்டு, இல்லாமல் இல்லை. ஆண்டுக் கட்டணம் பொதுவாக அதிகம். “முன்கூட்டி நிர்ணயித்த வரம்பு கிடையாது” என்பார்கள். அதைக் கேட்டு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பெரிய செலவையும் உங்கள் பழக்கவழக்கத்தோடு ஒட்டிப் பார்த்து அனுமதிப்பார்கள், மறுப்பார்கள். தேதி தவறினால் அபராதம், அட்டை முடக்கம். இன்று நம் நாட்டில் தனி ஆள் கையில் இந்த வகை அட்டை அபூர்வம். கம்பெனிகள் தங்கள் ஊழியரின் பயணச் செலவுக்குக் கொடுப்பதில்தான் அதிகம் பார்க்கலாம்.

தமிழ்நாடு 2003இல் அதிக வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் கடைத்தெரு வார்த்தைகளையே அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அட்டை வட்டியின் கதை வேறு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. பேங்க்குகள் உச்ச நீதிமன்றம் போயின. வழக்கு பதினாறு வருஷம் கிடந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பது அதன் முடிவு. ரிசர்வ் வங்கியோ சதவீதத்துக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறையில் சில கட்டுகள் போட்டிருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. கேட்காமல் அட்டை கொடுக்கக் கூடாது. கணக்கை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், பாக்கி இல்லாத பட்சத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் தர வேண்டும். வேலைக்குச் சேரும் மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக நம் விவசாயிகள் கையில் இருக்கும் அட்டையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இதே மெட்ராஸ் மாகாணத்தில்தான், கந்துக்காரரிடம் சிக்கிய குடியானவர்களை மீட்க என்ன செய்யலாம் என்று ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. அந்த வரிசையில் 1998இல் வந்தது கிசான் கிரெடிட் கார்டு. பெயர்தான் கிரெடிட் கார்டு. உள்ளே போய்ப் பார்த்தால் பயிர்க்கடனுக்கு ஓராண்டுக்குள் தவணைத் தேதி. 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம், தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. 2025-26க்கும் இதே ஏற்பாட்டை மத்திய அமைச்சரவை நீட்டித்தது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் தேதி தவறாமல் கட்டுபவருக்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லை. தேதிக்குள் முழுசாகக் கட்டினால் வட்டியில்லை என்பது யார் குணம்? சார்ஜ் கார்டின் குணம், மளிகைக்கடை நோட்டின் குணம்!

ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி வருவதைப்போலப் பயிருக்கு நிச்சயத் தேதி இல்லை. மழை தப்பும், பெண்ணையாற்றில் வெள்ளம் வரும், விலை விழும். அப்போது தவணை நாளன்று என்ன நடக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் தெரிந்தவரிடம் கைமாற்றோ வட்டிக்கோ வாங்கிக் கொண்டுபோய் முழுத் தொகையையும் கட்டுவார்கள். கணக்கு புதுப்பிக்கப்படும். மறுநாளோ அந்த வாரத்திலோ அதே தொகையைத் திரும்ப எடுத்து, கொடுத்தவரிடம் சேர்ப்பார்கள். சங்கத்தின் ஏட்டில் கடன் தீர்ந்து புதுக்கடன் பிறந்திருக்கும். இடைப்பட்ட அந்தச் சில நாளுக்கான வட்டி எந்த ஏட்டிலும் இருக்காது.